சின்னப் பீரங்கிகளில் எது நின்றது? 3, 6, 12 பவுண்டர்கள்: ஒரு மதிப்பீடு

போர்க்கப்பல் என்றதுமே கண்முன் வருவது 12 அங்குல வாய் கொண்ட பெரும் பீரங்கிகள்தான். மேல்தளத்தில் ஓரமாக நிற்கும் சின்னப் பீரங்கிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் 1890க்கும் 1918க்கும் இடையில் ரோந்து, இரவுக் காவல், சரக்குக் கப்பலின் தற்காப்பு, கரையிறங்கும் படைக்குத் துணை என்று அன்றாட வேலையில் பெரும்பகுதி இவற்றின் தலையில்தான் விழுந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் அப்போது புழங்கிய மூன்றை இங்கே எடை போடலாம்: ஹாட்ச்கிஸ் 3 பவுண்டர், ஹாட்ச்கிஸ் 6 பவுண்டர், எல்ஸ்விக்கில் ஆம்ஸ்ட்ராங் ஆலை செய்த 12 பவுண்டர் 12 ஹண்ட்ரட்வெயிட். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிறு கப்பலில் ஒரே ஒரு பீரங்கிக்குத்தான் இடம் என்றால், அது 12 பவுண்டராகத்தான் இருக்க வேண்டும். அதன் குறைகள் தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பவுண்டர் என்பது குண்டின் எடை. பின்னால் வரும் ஹண்ட்ரட்வெயிட் என்பது குழலும் அதன் பின்வாயை அடைக்கும் பின்பூட்டும் சேர்ந்த எடை. ஒரு ஹண்ட்ரட்வெயிட் 112 பவுண்டு. கடற்படையில் 12 பவுண்டர் என்ற பெயரில் மூன்று வகை இருந்தன. மூன்றுக்குமே வாய் அகலம் 3 அங்குலம், அதாவது 76.2 மி.மீ. 8 ஹண்ட்ரட்வெயிட் வகை குட்டைக் குழல் கொண்டது. படகிலும் கரையிறங்கும் படையோடும் கொண்டுபோவதற்காகச் செய்தது. 12 ஹண்ட்ரட்வெயிட் வகையின் குழல் நீளம் வாய் அகலத்தைப் போல 40 மடங்கு. 18 ஹண்ட்ரட்வெயிட் வகைக்கு 50 மடங்கு. 1906இல் வந்த டிரெட்நாட் போர்க்கப்பலில் இருந்த 27 சின்னப் பீரங்கிகளும் இந்த வகைதான். குண்டு ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் வெடிமருந்துக்கூடு மற்றொன்றுக்குப் பொருந்தாது. வெறுமனே 12 பவுண்டர் என்று எழுதிவிட்டுப் போகும் கப்பல் பட்டியல்களை நம்பி வீச்சையோ வேகத்தையோ கணக்கிட்டால் தப்பாகிவிடும். எடையைப் பார்த்த பிறகே மற்றதைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பீரங்கிகள் எதற்காகப் பிறந்தன? நீருக்கடியில் பாய்ந்து கப்பலை உடைக்கும் டார்பிடோவை ஏவ வரும் சிறிய வேகப் படகை, அதாவது டார்பிடோ படகை, நிறுத்துவதற்காக. அந்த வேலையைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் எந்தப் பீரங்கி தேறும் என்பது விளங்கும். 1890களின் தொடக்கத்தில் டார்பிடோவின் பயனுள்ள தூரம் சுமார் 800 கஜம், அதாவது 730 மீட்டர். 25 நாட் வேகத்தில் வரும் படகு நிமிடத்துக்கு 770 மீட்டர் கடக்கும். தேடுவிளக்கின் ஒளியில் அது 1,500 மீட்டரில் தென்பட்டது என்று வைத்துக்கொள்வோம். டார்பிடோவை விடும் இடத்துக்கு அது வந்து சேர ஒரே ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குள் பார்த்து, குறிவைத்து, அடித்து, நிறுத்தியாக வேண்டும். விரைவுப் பீரங்கி என்ற இனமே இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

தாளில் பார்த்தால் 3 பவுண்டர் அந்த நிமிடத்தில் 30 குண்டு சுடும், 6 பவுண்டர் 25, 12 பவுண்டர் 15. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் முதலாவதை வாங்கிவிடுவார். குண்டின் எடையால் பெருக்கிப் பாருங்கள். 3 பவுண்டர் குண்டு ஒன்றரைக் கிலோ. நிமிடத்துக்கு 45 கிலோ. 6 பவுண்டர் 2.7 கிலோ, நிமிடத்துக்கு 67 கிலோ சொச்சம். 12 பவுண்டரின் குண்டு பெயருக்கு 12 என்றாலும் உண்மையில் 12.5 பவுண்டு, 5.7 கிலோ, நிமிடத்துக்கு 85 கிலோ. மெதுவாகச் சுடுவதுதான் அதிக இரும்பை எதிரியிடம் கொண்டு சேர்க்கிறது. அதைவிட முக்கியம், ஒரு குண்டு பட்டால் என்ன ஆகும் என்பது. டார்பிடோ படகின் பக்கத் தகடு சில மில்லிமீட்டர் தடிப்புதான். சின்னக் குண்டு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஓட்டை போட்டுவிட்டுப் போகும். கொதிகலனையோ நீராவிக் குழாயையோ தொட்டால் மட்டுமே படகு நிற்கும். தொடாவிட்டால் ஓட்டையோடு வந்து டார்பிடோவை விட்டுவிட்டுத்தான் திரும்பும்.

3 பவுண்டரைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. வாய் 47 மி.மீ., குழல் சுமார் 240 கிலோ, பிரிட்டிஷ் கடற்படைக்கு வந்தது 1886இல். இயக்க எளிது, பழுதாவது அரிது, இரண்டு பேர் போதும். நீராவிப் படகின் முகப்பிலும் ஏற்றலாம், பெரிய கப்பலின் பாய்மர உச்சித் தட்டிலும் ஏற்றலாம். இருபதாம் நூற்றாண்டு பிறப்பதற்கு முன்பே படகுகள் இதற்கு அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டன. இன்னொரு குறையும் உண்டு. குண்டு கடலில் விழும்போது எழும் நீர்த்தாரை மிகச் சிறியது. அலையடிக்கும் கடலில் 2,000 மீட்டரில் அது கண்ணுக்கே தெரியாது. எங்கே விழுந்தது என்று தெரியாதவன் எதைத் திருத்துவான்? சுங்கப் படகு, துறைமுகக் காவல், மரியாதை வேட்டு ஆகியவற்றுக்கு நல்ல சாமான், சண்டைக்கு வேண்டாம்.

இதற்கும் கீழே 37 மி.மீ. 1 பவுண்டர், பாம்பாம் என்று அழைக்கப்பட்ட மாக்சிம் தானியங்கி உண்டு. 400 கிராமுக்குக் குறைந்த வெடிகுண்டை 1868ஆம் ஆண்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் தடை செய்ததால், ஏறத்தாழ ஒரு பவுண்டு எடையுள்ள குண்டுதான் வெடிக்கும் குண்டுகளில் ஆகச் சிறியதாக ஆனது. டார்பிடோ படகை நிறுத்தும் வேலைக்கு அது பத்தாது.

6 பவுண்டர் வேறு ரகம். வாய் 57 மி.மீ., குழல் சுமார் 8 ஹண்ட்ரட்வெயிட், குண்டு கிளம்பும் வேகம் வினாடிக்கு சுமார் 538 மீட்டர். குண்டும் பித்தளைக் கூடும் ஒன்றாக இணைந்த தோட்டா. இதன் பின்பூட்டு செங்குத்தாக மேலும் கீழும் நழுவும் ஓர் எஃகுக் கட்டி. வலப்பக்கக் கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் கட்டி கீழே இறங்கும். இறங்கும்போதே கொக்கி வெற்றுக் கூட்டைப் பிடித்திழுத்து வெளியே எறியும். அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளி, கைப்பிடியை முன்னால் தள்ளினால் கட்டி மேலேறிப் பூட்டிக்கொள்ளும். சுடுபவர் ரப்பர் சுற்றிய தோள்கட்டையில் தோளைச் சாய்த்து, தன் உடலாலேயே பீரங்கியைத் திருப்புவார். கைத்துப்பாக்கி போன்ற பிடியில் விசை. சக்கரம் சுற்றித் திருப்புவதைவிட இது வேகமானது. கப்பல் உருளும்போது நெஞ்சையும் தோளையும் கொண்டே உருட்டலை ஈடுகட்டலாம். வேகமாகக் குறுக்கே ஓடும் படகைத் தொடர்ந்து குறியில் வைத்திருக்க இதைவிடச் சுகமான அமைப்பு அந்தக் காலத்தில் இல்லை. இந்த ஓர் அம்சத்துக்காக 6 பவுண்டரை மனதாரப் பாராட்டலாம்.

குறை என்று பார்த்தால், பீரங்கியைத் தளத்தில் தாங்கி நிற்கும் ஆரம்ப காலத் தாங்கிகளில் பின்னுதைப்பை வாங்கும் உருளை கிடையாது. அடி முழுவதும் தாங்கியின் கால் வழியாகத் தளத்துக்குப் போகும். தளத்தின் ஆணிகள் தளரும், குறி ஒவ்வொரு வெடிக்கும் ஆட்டம் காணும். பிறகு உருளையும் சுருள்வில்லும் வைத்த தாங்கிகள் வந்து அந்தக் குறை நீங்கியது. பழைய படத்திலோ அருங்காட்சியகத்திலோ 6 பவுண்டரைப் பார்த்தால், குழலோடு உருளை ஒட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். எந்தத் தலைமுறைத் தாங்கி என்பது தெரிந்துவிடும்.

கடலில் வேலை குறைந்த நேரத்தில் 6 பவுண்டர் தரையில் மறுபிறவி எடுத்தது. 1916 செப்டம்பர் 15 அன்று முதன்முதலாகக் களமிறங்கிய மார்க் 1 டாங்கியின், ஆண் என்று அழைக்கப்பட்ட பீரங்கி வகையில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 6 பவுண்டர்கள். 40 மடங்கு நீளக் குழல் அங்கே தொல்லை கொடுத்தது. பள்ளத்தில் இறங்கும்போது நுனி மண்ணில் குத்தும், மரத்திலும் சுவரிலும் இடிக்கும். அதனால் மார்க் 4 டாங்கிக்கு 23 மடங்கு நீளமுள்ள குட்டைக் குழல் செய்து, எடையையும் 6 ஹண்ட்ரட்வெயிட்டாகக் குறைத்தார்கள். வேகம் போனது. ஆனால் டாங்கியின் இலக்கு சில நூறு மீட்டரில் இருக்கும் இயந்திரத் துப்பாக்கிக் குழி. அதற்கு அந்த வேகமே தாராளம்.

இனி 12 பவுண்டர். 1894இல் சேவைக்கு வந்தது. குழலும் பூட்டும் 610 கிலோ, உள்நீளம் 120 அங்குலம், குண்டின் வேகம் வினாடிக்கு சுமார் 670 மீட்டர். இந்த வேகம்தான் முதல் பலம். குண்டு தட்டையாகப் பறக்கிறது. தூரத்தை நூறு மீட்டர் தப்பாக மதிப்பிட்டாலும் படகின் உடலில் எங்கோ பட்டுவிடும் வாய்ப்பு அதிகம். 40 பாகை உயர்த்தினால் 11,750 கஜம் போகும். ஆனால் அந்தக் கால நாசகாரிக் கப்பலின் தாங்கிகள் அவ்வளவு உயர்த்த விடாது. உயர்த்தினாலும் அந்தத் தூரத்தில் குறிபார்க்கக் கருவி கிடையாது.

குண்டு ஏற்றும் வரிசையைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதன் முக்கியக் குறை அங்கேதான் இருக்கிறது. குண்டும் மருந்துக்கூடும் தனித்தனி. பூட்டுக்காரர் நெம்புகோலை ஒரே வீச்சில் இழுத்தால் திருகுப் பூட்டு சுழன்று, விடுபட்டு, பக்கவாட்டில் திறக்கும். முதல் ஏற்றுநர் குண்டை உள்ளே வைத்துத் தள்ளுவார். குண்டின் இடுப்பிலுள்ள செம்பு வளையம் குழலின் உள்வரிகளில் போய்ப் பொருந்தும் வரை தள்ள வேண்டும். பிறகு கோர்டைட் என்ற வெடிமருந்து நிரம்பிய பித்தளைக் கூடு. பூட்டு மூடும். இப்போது குறிகாரர் சுடலாம். மின்சாரத்தாலும் சுடலாம், மின்சாரம் தவறினால் சுத்தியல் அடியாலும் சுடலாம்.

உருளும் கப்பலில் இரவு நேரத்தில் தவறு எங்கே நடக்கும்? குண்டை அரைகுறையாகத் தள்ளிவிடுவார்கள். அது பின்னால் வழுக்கி வரும். கூடு முழுதாக உட்காராது, பூட்டு மூடாது. பூட்டுக்காரர் பலம் போட்டு அடைக்கப் பார்ப்பார். அந்தச் சில வினாடிகள் போதும், மேலே சொன்ன ஒரு நிமிடத்தில் கால் பங்கு கரைந்துவிடும். 6 பவுண்டரில் இந்தத் தொல்லையே இல்லை. அதனால்தான் 12 பவுண்டருக்குப் போலிக் குண்டுகளை வைத்து ஏற்றும் பயிற்சி தினமும் வேண்டும். பயிற்சி இல்லாத குழுவிடம் நிமிடத்துக்கு 15 என்பது வெறும் தாள் கணக்கு. குறிபார்க்கும் பயிற்சிக்குக் குழலுக்குள் ஓர் அங்குலச் சிறுகுழலைச் செருகிச் சுடுவார்கள். பெரிய குண்டு செலவாகாது, குழலும் தேயாது.

பித்தளைக் கூடு இந்தப் பீரங்கிகளின் உயிர்நாடி. வெடிக்கும்போது கூடு விரிந்து அறைச்சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கும். அழுத்தம் இறங்கியதும் சுருங்கி, கொக்கிக்கு இணங்கி வெளியே வரும். விளிம்பு நசுங்கிய கூடு உள்ளே போகாது. அறையில் உப்போ மணலோ இருந்தால் போன கூடு வெளியே வராது. சுட்ட கூடு கொதிக்கும். காலடியில் நான்கைந்து உருண்டால் ஏற்றுநர் சறுக்கி விழுவார். அவற்றை உடனுக்குடன் ஓரம் தள்ள ஓர் ஆள் வேண்டும். வெடிக்காமல் போனால் அவசரப்பட்டுப் பூட்டைத் திறக்கக் கூடாது. மருந்து தாமதமாகத் தீப்பிடிக்கலாம். திறந்த பூட்டில் அது நடந்தால் பின்னால் நிற்பவர்கள் பிழைப்பது கடினம். மறுபடி அடித்துப் பார்த்து, காத்திருந்து, குழலைக் கடலை நோக்கியே வைத்துத்தான் திறக்க வேண்டும்.

பராமரிப்பில் முதலில் பார்க்க வேண்டியது பின்னுதைப்பு உருளை. அதில் கிளிசரினும் நீரும் கலந்த திரவம். மட்டம் குறைந்து காற்று புகுந்திருந்தால் குழல் தடையின்றிப் பின்னால் பாய்ந்து தாங்கியை முறிக்கும். குழலை முன்னால் தள்ளிக்கொண்டுவரும் வில் தளர்ந்திருந்தால் குழல் முழுதாக முன்வராது. அந்த நிலையில் அடுத்த குண்டைச் சுடக் கூடாது. குழலுக்குள் குண்டின் செம்பு படியும், அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பழைய கோர்டைட்டில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின். அதன் சூடு குழலை அரித்தது. பின்னர் வந்த மாற்றுக் கலவையில் அதை 30 ஆகக் குறைத்த பிறகு குழல்களின் ஆயுள் கூடியது. அதிகம் சுட்ட பழைய குழலில் வீச்சு குறைவதற்கு இந்த அரிப்புதான் காரணம்.

ஏற்றும் இடமும் பீரங்கியின் தரத்தில் சேர்த்திதான். 1890களின் நாசகாரிகளில் ஒரு 12 பவுண்டரும், மூன்று முதல் ஐந்து 6 பவுண்டர்களும் இருந்தன. 12 பவுண்டர் நின்ற முன்மேடைக்குக் கீழே ஆமை ஓடு போல வளைந்த முகப்பு. அலை அதன்மேல் ஏறி நேரே பீரங்கிக் குழுவை நனைக்கும். 1903இல் வரத் தொடங்கிய ரிவர் வகுப்பு நாசகாரிகளில் முகப்பை உயர்த்திய பிறகுதான் கொந்தளிக்கும் கடலில் ஒழுங்காகச் சுட முடிந்தது. 1906இல் அந்த வகுப்பின் 6 பவுண்டர்களைக் கழற்றிவிட்டு 8 ஹண்ட்ரட்வெயிட் 12 பவுண்டர்களை ஏற்றினார்கள். சின்னக் குண்டு போதாது என்பதைக் கடற்படையே ஒப்புக்கொண்ட இடம் அது. டிரெட்நாட்டில் சின்னப் பீரங்கிகள் சிலவற்றைப் பெரும் பீரங்கிக் கூண்டுகளின் கூரையிலேயே வைத்தார்கள். கூண்டுகள் சுடும்போது அங்கே மனிதர் நிற்க முடியாது. மோசமான இடத் தேர்வு.

12 பவுண்டரின் உண்மையான அருமை அதன் பிறப்பு வேலைக்கு வெளியேதான் தெரிகிறது. 1899இல் தென்னாப்பிரிக்கப் போரில் போயர்களின் நெடுந்தூரப் பீரங்கிகளுக்குப் பிரிட்டிஷ் தரைப்படையிடம் பதில் இல்லை. கேப்டன் பெர்சி ஸ்காட் கப்பலிலிருந்து 12 பவுண்டர்களை இறக்கி, கனமான மரக்கட்டையை வாலாக வைத்துச் சக்கரம் பூட்டிய வண்டிகளை வடிவமைத்தார். தரைப்படையின் களப்பீரங்கியைவிட வெகுதூரம் சுடும் ஆயுதம் சில நாட்களில் கைக்கு வந்தது. லேடிஸ்மித் முற்றுகையிலும் கொலென்சோவிலும் கடற்படையினர் அவற்றை இயக்கினார்கள். மாடு பூட்டி இழுக்க வேண்டிய பாரம் என்பது அங்கே அதன் குறை.

முதல் உலகப் போரில் சரக்குக் கப்பல்களின் பின்புறத்தில் 12 பவுண்டர் ஏறியது. ஏன் பின்புறம்? துரத்தும் நீர்மூழ்கியைப் பார்த்து ஓடிக்கொண்டே சுடலாம். தற்காப்புக்கு மட்டுமே ஆயுதம் என்று நடுநிலைத் துறைமுகங்களில் வாதிடவும் வழி இருந்தது. நீர்மூழ்கிக்கு டார்பிடோ சிலவே உண்டு. அதனால் மேலே வந்து தளப் பீரங்கியால் சுட்டு மூழ்கடிப்பதையே விரும்பியது. எதிரில் ஒரு 12 பவுண்டர் இருந்தால் அந்தச் சிக்கனம் நடக்காது. நீர்மூழ்கியின் அழுத்த உடலில் ஒரே ஓட்டை விழுந்தாலும் அது பிறகு நீருக்கடியில் போக முடியாது. அதனால் அடிபடும் முன்பே கீழே போய் ஒளியப் பார்க்கும். இங்கே குண்டு எதிரியை அழிக்கக்கூட வேண்டியதில்லை, நீருக்கடியில் ஒளிய வைத்தாலே பாதி வெற்றி. சாதாரணச் சரக்குக் கப்பல் போல வேடமிட்டு, சில நூறு மீட்டர் வரை எதிரியை வரவிடும் பொறிக் கப்பல்களில் இன்னும் சிறியவைகூடப் போதுமானதாக இருந்தன. 1915 ஜூலை 24 அன்று யு 36ஐ மூழ்கடித்த பிரின்ஸ் சார்லஸ் என்ற கரிக்கப்பலில் மறைத்து வைத்திருந்தவை இரண்டு 6 பவுண்டர்களும் இரண்டு 3 பவுண்டர்களும்தான்.

பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளும் இதை விடவில்லை. 1915இல் துருக்கியின் மர்மாரா கடலுக்குள் மீண்டும் நுழைந்த ஈ 11இல் ஒரு 12 பவுண்டர் ஏறியிருந்தது. கலிப்போலிக்குப் போகும் சாலையில் நடந்த துருப்புகள்மீது அதை வைத்துச் சுட்டார்கள். ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் பீரங்கி உப்புநீரில் நனையும் என்பதால் குழல்வாய் மூடியும் பூட்டின் கிரீஸும் அங்கே இரண்டு மடங்கு கவனம் கேட்கும்.

இது தோற்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மானிய 10.5 செ.மீ. பீரங்கி சுமார் 17 கிலோ குண்டை வீசும். பின்னாளைய நீர்மூழ்கிகள் அதை ஏற்றிக்கொண்டு 12 பவுண்டர் எட்டாத தூரத்தில் நின்று சுட்டன. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தி, தன் பெயரையே நம் பேச்சில் ஒரு சொல்லாக விட்டுப்போன எம்டனிடம் இருந்தவையும் 10.5 செ.மீ. பீரங்கிகளே, மொத்தம் பத்து. அதே எம்டன் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியைச் சந்தித்தபோது முதலில் குண்டு பாய்ச்சியதும் அதுதான். ஆனால் சிட்னியின் எட்டு 6 அங்குலப் பீரங்கிகளுக்கு எதிரே 10.5 செ.மீ. நிற்க முடியவில்லை. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டி வேகச் சுடுதல் உதவாது.

டார்பிடோவின் தூரம் பல ஆயிரம் கஜமாக வளர்ந்ததும் பிரிட்டிஷ் கடற்படை 4 அங்குலத்துக்கு மாறியது. குண்டு 31 பவுண்டு, நீர்த்தாரை தூரத்திலிருந்தும் தெரியும். டிரெட்நாட்டுக்கு அடுத்த பெல்லரஃபான் வகுப்பிலேயே 12 பவுண்டருக்குப் பதில் 4 அங்குலம் வந்துவிட்டது. 1914 ஆகஸ்ட் 5 அன்று லான்ஸ் நாசகாரி சுட்ட 4 அங்குலப் பீரங்கி இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போரில் பிரிட்டன் கடலில் சுட்ட முதல் குண்டு அதனுடையது. ஆயிரம் டன் கப்பலுக்கு 4 அங்குலம்தான் சரி, அதில் விவாதம் இல்லை. ஆனால் முந்நூறு டன் ரோந்துப் படகுக்கோ, தளத்துக்கு அடியில் நான்கு முட்டுக்கட்டைகளும் பயிற்சி பெற்ற இரண்டே கடற்படையினரும் மட்டுமே கிடைக்கும் சரக்குக் கப்பலுக்கோ, 12 ஹண்ட்ரட்வெயிட் பீரங்கியைவிடப் பொருத்தமான ஒன்றை அந்தக் காலப் பட்டியலில் காட்ட முடியாது. மாலுமிகளில் நாலு பேரைப் பிடித்து ஏற்றுநர்களாக்கி, குண்டை முழுதாகத் தள்ளுவதை மட்டும் ஒரு வாரம் பழக்கினால் போதும். 1939க்குப் பிறகு பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் மறுபடி ஏறிய பீரங்கிகளிலும் இதே 12 பவுண்டர் இருந்தது.